போலந்தும் உக்ரைனும்: ஒரே கோட்டில் நின்ற இரு நாடுகள் பிரிந்தது எங்கே?

கேள்வி இதுதான்: 1990இல் போலந்துக்கும் உக்ரைனுக்கும் தனிநபர் வருமானம் ஏறக்குறைய ஒன்று. முப்பது ஆண்டுகளில் போலந்து இவ்வளவு தூரம் முந்தியது எப்படி? ஐரோப்பிய ஒன்றியம் கொட்டிக் கொடுத்த பணம்தான் காரணமா? கல்வி, மருத்துவம், ஆயுள் ஆகியவற்றிலும் அதே இடைவெளி உண்டா? உக்ரைன் இனி எட்டிப் பிடிக்க முடியுமா?

பணம் பிறகு வந்தது. இடைவெளி அதற்கு முன்பே விழுந்துவிட்டது. போலந்து ஒன்றியத்தில் சேர்ந்தது 2004 மே 1 அன்று. ஆனால் 1999ஆம் ஆண்டின் கணக்கை எடுத்துப் பார்த்தாலே இரண்டு நாடுகளும் வெவ்வேறு உலகங்களாகியிருப்பது தெரியும். ஆகவே 1990 முதல் 1999 வரை நடந்ததைத்தான் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒப்பீட்டை 2021 முடிவோடு நிறுத்திக்கொள்கிறேன். 2022 பிப்ரவரிக்குப் பிந்தைய உக்ரைன் புள்ளிவிவரங்களில் தெரிவது போரின் சேதம். பொருளாதாரக் கொள்கையின் விளைவை அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

முதலில் எண்கள். உலக வங்கியின் டாலர் கணக்கில் 1990இல் இரு நாடுகளுக்கும் தலைக்கு 1,500 முதல் 1,800 டாலருக்குள்தான். 2021இல் போலந்துக்குச் சுமார் 18,000. உக்ரைனுக்குச் சுமார் 4,800. கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம். ஆனால் உக்ரைன் தலைநகர் கீவில் ஒரு ரொட்டியும் ஒரு மாத வாடகையும் போலந்துத் தலைநகர் வார்சாவைவிட மலிவு. அதைக் கணக்கில் சேர்க்கும் வாங்கும் திறன் அடிப்படையில் பார்த்தால் வித்தியாசம் இரண்டரை மடங்கு வாக்கில் வந்து நிற்கும். இரண்டு அளவுகோல்களையும் கலந்து எழுதும் தவறு நிறையக் கட்டுரைகளில் இருக்கிறது. நாட்டின் கடன் சுமை, இறக்குமதி வலிமை பற்றிப் பேசினால் முதல் அளவுகோல். மக்களின் வாழ்க்கைத்தரம் பற்றிப் பேசினால் இரண்டாவது.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. தலா வருமானம் என்றால் வகுத்தல். வகுக்கும் எண் தவறினால் விடையும் தவறும். சுதந்திர உக்ரைன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தியது ஒரே ஒரு முறை, 2001 டிசம்பரில். அதற்குப் பிறகு பிறப்பு, இறப்புப் பதிவுகளை வைத்துக் கூட்டிக் கழித்ததுதான். வேலை தேடி வெளிநாடு போய் அங்கேயே தங்கிவிட்டவர்களும் உள்ளூர்க் கணக்கில் தொடர்ந்தார்கள். 2019 முடிவில் அரசே கைபேசி இணைப்புகளையும் பதிவேடுகளையும் ஒப்பிட்டு ஒரு மதிப்பீடு செய்தது. வந்த எண் 3 கோடியே 73 லட்சம். அதிகாரபூர்வ எண் அப்போது 4 கோடியே 20 லட்சம் அளவில் இருந்தது. இரண்டையும் நேராகக் கழித்துவிடக் கூடாது. கைபேசி மதிப்பீட்டில் கிழக்கே அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத பகுதிகள் சேரவில்லை. எந்த அட்டவணையை எடுத்தாலும் 2014இல் ரஷ்யா பறித்துக்கொண்ட கிரீமியாவும் கிழக்குப் பகுதியான தோன்பாஸும் உள்ளே இருக்கின்றனவா, வெளியே இருக்கின்றனவா என்று அடிக்குறிப்பைப் பார்த்த பிறகே கணக்குப் போடுங்கள்.

இப்போது 1990க்குப் போவோம். அன்றைக்கு யாரிடமாவது எந்த நாடு முந்தும் என்று கேட்டிருந்தால், உக்ரைன் என்று சொல்வதற்குத்தான் நியாயமான காரணங்கள் அதிகம். அந்தோனோவ் விமானங்கள் கீவில் உருவாயின. நீப்ரோபெத்ரோவ்ஸ்க் நகரின் யூஷ்மாஷ் ஆலையில் ராக்கெட்டுகள், மிக்கோலாயிவில் கப்பல்கள், கூடவே ஐரோப்பாவின் மிகச் செழிப்பான கரிசல் மண். சோவியத் கடன் முழுவதையும், அதன் வெளிநாட்டுச் சொத்துகளோடு சேர்த்து, ரஷ்யா எடுத்துக்கொண்டதால் உக்ரைன் ஏறக்குறைய கடனே இல்லாமல் தொடங்கியது. போலந்தின் தலையிலோ 4,000 கோடி டாலருக்கு மேல் வெளிக்கடன். இறைச்சிக்கு ரேஷன் அட்டை 1989 கோடை வரை இருந்தது.

அப்படியிருந்தும் என்ன நடந்தது? இரண்டையும் 100 என்று வைத்துக்கொள்வோம். போலந்து முதல் இரண்டு ஆண்டுகளில் 15 முதல் 18 சதவீதம் சரிந்து, 1992இல் வளரத் தொடங்கி, 1990களின் நடுவில் பழைய 100ஐத் தொட்டுவிட்டது. உக்ரைன் 1999 வரை நிற்காமல் சரிந்தது. மொத்தச் சரிவு சுமார் 60 சதவீதம். அதாவது 100 என்பது 40 ஆனது. 40இலிருந்து மறுபடி 100க்கு வர 150 சதவீத வளர்ச்சி வேண்டும். ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தாலும் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். உக்ரைன் 2000 முதல் 2007 வரை உண்மையிலேயே அந்த வேகத்தில்தான் வளர்ந்தது. 2004இல் 12 சதவீதம். அந்த ஆண்டுகளில் போலந்தைவிட உக்ரைனே வேகம். பிறகு 2009இல் ஒரே ஆண்டில் சுமார் 15 சதவீதம் விழுந்தது. 2014-15இல் கிரீமியா பறிபோய், தோன்பாஸில் போர் வந்து மறுபடியும் விழுந்தது. போலந்து 1992 முதல் 2019 வரை ஓர் ஆண்டுகூடச் சுருங்கவில்லை. 2009இல் ஒன்றியம் முழுவதும் சரிந்தபோது வளர்ந்த ஒரே உறுப்பு நாடு அது. போலந்தின் சராசரி ஆண்டு வளர்ச்சி 4 சதவீதம்தான், சீனாவைப் போல 10 அல்ல. விழாமல் 28 ஆண்டுகள் போனதுதான் அதை மூன்று மடங்காக்கியது. என் கருத்தில் இந்த ஒப்பீட்டின் மையமே இங்கேதான் இருக்கிறது. போலந்தின் எழுச்சியைவிட, உக்ரைன் ஏன் திரும்பத் திரும்ப விழுந்தது என்பதையே விளக்க வேண்டும்.

போலந்தில் 1990 ஜனவரி 1 அன்று நிதியமைச்சர் லெஷெக் பல்செரோவிச்சின் திட்டம் அமலுக்கு வந்தது. பெரும்பாலான விலைகளை அரசு அன்றே கைவிட்டது. டாலருக்கு 9,500 ஸ்லோட்டி என்று நாணயத்தைக் கட்டிவைத்தது. அரசு ஆலைகள் இஷ்டத்துக்குச் சம்பளம் உயர்த்தி விலைவாசியை மறுபடி கிளப்பிவிடாமல், வரம்பைத் தாண்டிய சம்பளத்துக்கு அதிகபட்சம் 500 சதவீத வரி போட்டது. மக்கள் வாயில் அதற்கு ‘போப்பிவெக்’ என்று பெயர். மத்திய வங்கியின் வட்டி அந்த ஜனவரியில் மாதத்துக்கு 36 சதவீதம். மாதத்துக்குத்தான், ஆண்டுக்கு அல்ல. ஜனவரியில் விலைகள் ஒரே மாதத்தில் கிட்டத்தட்ட 80 சதவீதம் ஏறின. பிப்ரவரியில் 24 சதவீதம் வாக்கில். மார்ச்சில் 4 சதவீதத்தைச் சற்றே தாண்டி. மூன்றே மாதங்களில் கடை அலமாரிகளில் சரக்கு திரும்பியது.

அதற்கு ஓராண்டு முன்பே, கடைசிக் கம்யூனிஸ்ட் அரசின் தொழில் அமைச்சர் மெச்சிஸ்வாவ் வில்ச்செக் கொண்டுவந்த சட்டம் 1989 ஜனவரியில் அமலாகியிருந்தது. சட்டம் தடுக்காத எந்தத் தொழிலையும் யாரும் நடத்தலாம் என்பதுதான் அதன் சாரம். பல்செரோவிச்சை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள்; வில்ச்செக்கை மறந்துவிடுகிறார்கள். விலை விடுதலை ஆன அன்று விற்க ஆள் இருந்ததற்கு அவருடைய சட்டமே காரணம். நடைபாதையில் மடக்குக் கட்டிலை விரித்து, அதன்மேல் காலுறை, காபி, சோப்பு, ஆரஞ்சு என்று பரப்பிவைத்து லட்சக்கணக்கானோர் வியாபாரத்தில் இறங்கினார்கள். கட்டிலில் தொடங்கியவர்கள் பிறகு மேல்மூடியைத் தூக்கித் திறக்கும் இரும்புப் பெட்டிக்கடைக்கு மாறினார்கள். திறந்திருக்கும்போது பல் காட்டுவதுபோல இருந்ததால் அதற்குப் பெயர் ‘தாடை’. வார்சாவின் பழைய விளையாட்டரங்கைச் சுற்றி உருவான சந்தை ஐரோப்பாவின் மிகப் பெரிய திறந்தவெளிச் சந்தைகளில் ஒன்றானது. உக்ரைனிலிருந்து பை நிறையச் சரக்கோடு வந்து விற்றுப்போனவர்களும் அங்கே ஏராளம்.

உக்ரைன் 1991 டிசம்பரில்தான் முழுச் சுதந்திரத்துக்கு வந்தது. அதனிடம் சொந்த நாணயம் இல்லை, அனுபவமுள்ள மத்திய வங்கி இல்லை, எல்லைக் காவல் இல்லை. அரசையும் சந்தையையும் ஒரே நேரத்தில் கட்ட வேண்டியிருந்தது. போலந்துக்கு அந்தச் சுமை கிடையாது. இதைச் சொல்லாமல் உக்ரைனைக் குறைசொல்வது அநியாயம். ஆனாலும் அங்கே எடுத்த முடிவுகள் கெடுதலானவை. எஃகு, உரம், எரிபொருள் ஆகியவற்றின் உள்நாட்டு விலையை அரசே மிகக் குறைவாக நிர்ணயித்து வைத்தது. ஏற்றுமதி உரிமத்தைச் சிலருக்கு மட்டும் கொடுத்தது. உள்ளூர் விலைக்கு வாங்கி உலக விலைக்கு விற்றவர்கள் எதையும் உற்பத்தி செய்யாமலே டாலர் குவித்தார்கள்.

கடனிலும் இதே கதை. நலிந்த ஆலைகளையும் கூட்டுப் பண்ணைகளையும் காப்பாற்ற மத்திய வங்கி பணத்தை அச்சடித்து ஆண்டுக்கு 20 சதவீத வட்டிக்குக் கொடுத்தது. 1993இல் பணவீக்கம் 10,000 சதவீதத்தைத் தாண்டியது. இதன் பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஜனவரியில் ஓர் ஆலை இயக்குநர் 100 அலகு கடன் வாங்கி டாலராக மாற்றிக்கொள்கிறார். டிசம்பரில் 120 திருப்பிக் கட்டுகிறார். அதற்குள் விலைவாசி நூறு மடங்கு ஏறிவிட்டது. ஆகவே அந்த 120இன் மதிப்பு ஜனவரிக் கணக்கில் ஒன்றேகால்கூட இல்லை. மீதி 98க்கு மேல் அவருக்கு இனாம். அந்த இனாமைக் கட்டியவர்கள் சேமிப்பு வங்கியில் பணம் போட்டு வைத்திருந்த ஆசிரியர்களும் செவிலியர்களும் ஓய்வூதியக்காரர்களும்தான். ஒரு தலைமுறையின் சேமிப்பு முழுவதும் கரைந்தது. 1996 செப்டம்பரில் ஒரு லட்சம் பழைய கார்போவனெட்ஸுக்கு ஒன்று என்று புதிய நாணயமான ஹ்ரிவ்னியா வந்தபோதுதான் பணம் பணமானது.

போலந்திலும் பணக்காரர்கள் உருவானார்கள். ஆனால் அங்கே விலை வித்தியாசத்தையும் மலிவுக் கடனையும் முதல் மாதமே அடைத்துவிட்டதால், பொருளை விற்றுத்தான் சம்பாதிக்க முடிந்தது. உக்ரைனில் அரைகுறையாக நின்ற சீர்திருத்தமே சிலருக்குச் சுரங்கமானது. அதில் சம்பாதித்தவர்கள் நாடாளுமன்ற இடங்களையும் தொலைக்காட்சிகளையும் வாங்கி, சீர்திருத்தம் முழுமையடையாமல் பார்த்துக்கொண்டார்கள். போலந்தில் 1993 தேர்தலில் முன்னாள் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்குத் திரும்பினார்கள். அவர்களும் பாதையை மாற்றவில்லை. மாற்றிப் பலனடையும் கூட்டம் அங்கே வளர்ந்திருக்கவில்லை.

எரிவாயு இந்தக் கதையின் இரண்டாம் பாகம். ரஷ்ய, துர்க்மேனிய எரிவாயு பெரும்பாலும் உக்ரைன் வழியாகத்தான் மேற்கே போனது. இடையில் புகுந்த தரகு நிறுவனங்கள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே வாழ்ந்தன. உள்நாட்டிலோ வீட்டு அடுப்புக்கு ஒரு விலை, ஆலைக்குப் பல மடங்கு விலை. வீட்டுக் கணக்கில் எடுத்த எரிவாயுவை ஆலைக்குத் திருப்பிவிட்டாலே லாபம். ஏழைகளுக்கான மானியம் என்று பெயர். பெரிய வீடு வைத்திருப்பவர் அதிகம் எரித்தார், அதிக மானியம் பெற்றார். 2014இல் அரசு எரிவாயு நிறுவனமான நாஃப்டோகாஸின் பற்றாக்குறை மட்டும் நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்துக்கு மேல். 2015, 2016இல் விலையை இறக்குமதி விலைக்கு நெருக்கமாக உயர்த்தி, வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டண உதவியைத் தனியே கொடுத்தபோது அந்தப் பள்ளம் மூடியது. 2015 நவம்பரிலிருந்து ரஷ்யாவிடம் நேரடியாக எரிவாயு வாங்குவதையும் உக்ரைன் நிறுத்தியது. இருபது ஆண்டுகள் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

தனியார்மயத்தில் பலர் எதிர்பார்ப்பதற்கு மாறாக, போலந்து மெதுவாகத்தான் போனது. வார்சா பங்குச்சந்தை 1991 ஏப்ரல் 16 அன்று, ஆளும் கட்சியின் முன்னாள் தலைமையகக் கட்டடத்திலேயே திறந்தது. முதல் நாள் வணிகமான நிறுவனங்கள் ஐந்து. வந்த ஆர்டர்கள் 112. பெரிய அரசு ஆலைகள் பல ஆண்டுகள் அரசிடமே இருந்தன. ஆனால் நஷ்டத்துக்கு அரசு பணம் தராது என்று தெரிந்ததால் ஒழுங்காக நடந்தன. விற்கும் வேகத்தைவிட நஷ்டத்தை மூடிக்கொடுக்காத கண்டிப்பு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. உக்ரைனின் விற்பனைகளில் ஒன்றைச் சொன்னால் போதும். நாட்டின் மிகப் பெரிய எஃகு ஆலையான கிரிவோரிஷ்ஸ்தாலை 2004இல் அதிபர் குச்மாவின் மருமகனும் தோனெட்ஸ்கின் பெரும் செல்வந்தர் ஒருவரும் சேர்ந்து நடத்திய குழுமம் சுமார் 80 கோடி டாலருக்கு வாங்கியது. 2004 முடிவில் தேர்தல் மோசடியை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கிய ஆரஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அந்த விற்பனை ரத்தானது. 2005 அக்டோபரில் தொலைக்காட்சி நேரலையில் மறு ஏலம். லட்சுமி மித்தலின் நிறுவனம் கொடுத்தது 480 கோடி டாலர். அதே ஆலை, ஒரே ஆண்டு இடைவெளி, ஆறு மடங்கு விலை.

எஃகு ஏற்றுமதியை நம்பிய பொருளாதாரத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2008 முடிவில் உலக எஃகு விலை சரிந்தபோது டாலருக்கு 5 ஆக இருந்த ஹ்ரிவ்னியா 8க்கு விழுந்தது. 2014-15இல் 8இலிருந்து 20ஐத் தாண்டியது. டாலரில் வீட்டுக்கடனும் கார் கடனும் வாங்கியிருந்த குடும்பங்களின் தவணை அப்படியே பெருகியது. போலந்திலும் சுவிஸ் ஃபிராங்கில் வீட்டுக்கடன் வாங்கி 2015இல் சிக்கியவர்கள் லட்சக்கணக்கில் உண்டு. ஆனால் அந்த நாட்டின் ஏற்றுமதி கார் பாகம், சலவை இயந்திரம், தொலைக்காட்சி, மரச்சாமான், உணவுப்பொருள் என்று பரந்திருந்தது. கால்பங்குக்கு மேல் ஜெர்மனிக்குப் போனது. ஒரு பொருளின் விலை விழுந்து நாடே விழும் நிலை அங்கே இல்லை.

அதிகம் பேசப்படாத, ஆனால் நான் மிகப் பெரிதாக மதிக்கும் வேறுபாடு உள்ளாட்சி. போலந்தில் 1990 மார்ச்சில் சட்டம், மே 27 அன்று உள்ளாட்சித் தேர்தல். ‘கிமினா’ என்ற அடிப்படை உள்ளாட்சிகள் சுமார் 2,400. குடிநீர், கழிவுநீர், தெருவிளக்கு, உள்ளூர்ச் சாலை, பின்னாளில் ஆரம்பப் பள்ளி என்று எல்லாம் அவர்கள் கையில். சொத்தும் அவர்கள் பெயருக்கு மாறியது. 1999இல் மாவட்ட அடுக்கு திரும்ப வந்து, 49 மாகாணங்கள் 16 ஆயின. 2004இல் வந்த நிதிச் சட்டத்தின் சூத்திரப்படி, அங்கே குடியிருப்பவர் கட்டும் தனிநபர் வருமான வரியில் கிமினாவின் பங்கு 2024 வரை 39 சதவீதம் வாக்கில் இருந்தது. இதனால் போலந்து நகரங்கள் வாடகைக்கு வந்து தங்கியிருப்பவர்களை, “உங்கள் வரிப் படிவத்தில் எங்கள் முகவரியைப் போடுங்கள்” என்று விளம்பரம் செய்து கேட்கும். புதிய முகவரிக்கு ஈடாகப் பேருந்துக் கட்டணத்தில் சலுகை தரும் நகரங்கள் உண்டு. மேயருக்கும் ஊரில் வேலைவாய்ப்பு பெருகுவதற்கும் இதைவிட நேரடியான இணைப்பு கிடையாது.

உக்ரைனில் வட்ட, மாகாண நிர்வாகத் தலைவர்களைக் கீவிலிருந்து அதிபரே நியமித்தார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம மன்றங்கள் இருந்தன. பலவற்றின் வருமானம் ஊழியர் சம்பளத்துக்கே போதாது. 2014இல் தொடங்கிய சீர்திருத்தம் இவற்றை 2020க்குள் 1,469 ‘ஹ்ரோமாதா’க்களாக இணைத்து, வருமான வரியில் 60 சதவீதத்தை அங்கேயே விட்டது. 490 வட்டங்கள் 136 ஆயின. இதில் போலந்து வல்லுநர்கள் உடனிருந்து உதவினார்கள். 2022இல் ரஷ்யப் படை நுழைந்தபோது தங்குமிடம், மின்னாக்கி, ரொட்டி என்று ஊரைத் தாங்கி நின்றது இந்த மன்றங்கள்தான். போலந்து 24 ஆண்டுகள் முன்பே தொடங்கிய வேலை இது; அந்த 24 ஆண்டுகளின் மதிப்பை எந்த ஒன்றிய நிதியாலும் ஈடுகட்ட முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பங்கு சிறியது என்று சொல்லவில்லை. 2007 முதல் 2013 வரையிலான சுற்றில் மட்டும் போலந்துக்கு ஒதுக்கியது சுமார் 6,700 கோடி யூரோ. விரைவுச் சாலைகளும் நெடுஞ்சாலைகளும் நான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல் வளர்ந்தன. ஆனால் இந்தப் பணம் கேட்டவுடன் வராது. திட்ட அறிக்கை, பகிரங்க ஒப்பந்தப்புள்ளி, கணக்குத் தணிக்கை, உள்ளூர்ப் பங்குத்தொகை எல்லாம் வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த கிமினா இருந்ததால்தான் பணம் சாலையானது. இதைவிடப் பெரிய உதவி நாட்காட்டி. 1994இல் விண்ணப்பம், 1998இல் பேச்சு, 2002 டிசம்பரில் ஒப்பந்தம். இடையில் எந்தக் கட்சி ஆண்டாலும் அதே பட்டியலை முடித்தாக வேண்டும். தரம் எட்டாத சிறு இறைச்சிக்கூடங்களும் பால் நிலையங்களும் மூடப்பட்டன. எட்டியவை இன்று ஐரோப்பா முழுவதும் விற்கின்றன. உக்ரைனின் முன் அப்படியொரு தேதியை யாரும் வைக்கவில்லை. ஒன்றியத்தோடு அதன் தடையற்ற வணிக ஏற்பாடு 2016 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

எல்லையில் போய் நின்றால் இன்னொரு சுமை கண்ணுக்கே தெரியும். போலந்துத் தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர், உக்ரைனில் 1,520. கைப்பிடி அளவுகூட வராத 85 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காகச் சரக்குப் பெட்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத் தொகுதியைக் கழற்றி வேறு மாட்ட வேண்டும்; இல்லையென்றால் தானியத்தை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கொட்ட வேண்டும். 2022இல் கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டபோது ரயிலில் தானியம் அவ்வளவு மெதுவாக நகர்ந்ததற்கு இது முக்கியமான காரணம்.

நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்யூனிஸ்ட் காலத்திலும் போலந்து விளைநிலத்தில் ஏறக்குறைய முக்கால்பங்கு சிறு விவசாயிகளிடமே இருந்தது. உக்ரைனில் கூட்டுப் பண்ணை உறுப்பினர் சுமார் 70 லட்சம் பேருக்குச் சராசரி 4 ஹெக்டேர் பங்கு கிடைத்தது. ஆனால் 2001 முதல் 2021 ஜூலை வரை அதை விற்கத் தடை. விற்கவும் முடியாது, அடகு வைத்துக் கடன் வாங்கவும் முடியாது. வயதானவர்கள் அடிமாட்டுக் குத்தகைக்கு விட்டார்கள். லட்சக்கணக்கான ஹெக்டேர் குத்தகைக்கு எடுத்த பெருநிறுவனங்கள் எழுந்தன. சூரியகாந்தி எண்ணெய் ஏற்றுமதியில் உக்ரைன் உலகில் முதலிடம் பிடித்தது. கிராமத்தில் வேலை குறைந்தது.

இனி சமூக வளர்ச்சி. 1990இல் போலந்து ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு சுமார் 66. உக்ரைனிலும் அதே அளவுதான். 1990களின் நடுவில் உக்ரைன் ஆண்களுக்கு அது 61-62க்கு இறங்கியது. 2019இல் போலந்தில் 74, உக்ரைனில் 67 வாக்கில். போலந்தில் 1991 முதல் இதயநோய் இறப்பு சடசடவென்று குறைந்ததற்குப் புதிய மருத்துவமனைகள் காரணமல்ல. வெண்ணெய்க்கும் பன்றிக் கொழுப்புக்கும் கொடுத்த மானியம் நின்றது. கடுகின வித்து எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. குளிர்காலத்திலும் பழம், காய்கறி இறக்குமதியாகி மேசைக்கு வந்தன. விலையை விடுவித்தது இதயத்தையும் காத்தது என்பது இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை. உக்ரைனில் மலிவு மதுவும் சிகரெட்டும் வேலையிழப்பும் சேர்ந்து நடுவயது ஆண்களைக் கொண்டுபோயின. அரசமைப்புச் சட்டம் சிகிச்சை இலவசம் என்றது. அறுவைச் சிகிச்சைக்கு நூலும் ஊசியும் மயக்க மருந்தும் நோயாளியே வாங்கி வர வேண்டிய நிலை. பணம் படுக்கை எண்ணிக்கைக்குப் போனதே கோளாறு. 2018இலிருந்து நோயாளி தானே தேர்ந்தெடுத்த குடும்ப மருத்துவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் போகிறது.

பள்ளிக் கல்வியில் போலந்து செய்தது எளிது. 1999இல் புதிய நடுநிலைப்பள்ளிகளை அமைத்து, மாணவர்களைத் தொழிற்கல்வி, பொதுக்கல்வி என்று பிரிக்கும் வயதை ஓர் ஆண்டு தள்ளிப்போட்டது. 15 வயது மாணவருக்கான சர்வதேசத் தேர்வான பீசாவில் வாசிப்பு மதிப்பெண் 2000இல் 479, 2012இல் 518. பலவீனமான மாணவர்களிடமே உயர்வு அதிகம். 2017இல் இந்த நடுநிலைப்பள்ளி அமைப்பையே கலைத்தது பெரும் பிழை என்று நினைக்கிறேன். உக்ரைன் 2018இல் முதன்முறை கலந்துகொண்டபோது 466. ஆனால் 2008இலிருந்து பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு வெளி மதிப்பீட்டுத் தேர்வைக் கட்டாயமாக்கியது அந்த நாட்டின் உருப்படியான வெற்றி. சேர்க்கை லஞ்சத்தின் வேரை அது வெட்டியது. வெளிநாட்டு மாணவருக்கு அந்தத் தேர்வு கிடையாது. குறைந்த கட்டணத்தில் மருத்துவம் படிக்கத் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் வந்தது அந்தத் தனி வாசல் வழியாக. 2022இல் அவர்களில் பலர் எல்லை தாண்டி போலந்தின் ஜெஷுஃப் நகரிலிருந்து விமானம் ஏறினார்கள்.

ஏற்றத்தாழ்வுக் குறியீட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். கினி எண் உக்ரைனுக்கு 26 வாக்கில், போலந்துக்கு 30 வாக்கில். உக்ரைனே சமத்துவமானது என்று தோன்றும். இது வீடுவீடாகக் கேட்டு எடுக்கும் கணக்கு. பெருஞ்செல்வந்தர் வீட்டுக் கதவை ஆய்வாளர் தட்டுவதில்லை, கறுப்புச் சம்பளத்தை யாரும் சொல்வதுமில்லை.

போலந்தின் காயங்களை மறைத்தால் ஒப்பீடு பொய்யாகும். அரசுப் பண்ணைகளை 1990களின் தொடக்கத்தில் ஒட்டுமொத்தமாகக் கலைத்ததால் வடக்கிலும் மேற்கிலும் முழுக் குடியிருப்புகள் வேலையற்றுப் போயின. மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. நாட்டின் வேலையின்மை 2002-03இல் 20 சதவீதத்தைத் தொட்டது. ஒன்றியத்தில் சேர்ந்ததும் சில ஆண்டுகளில் இருபது லட்சம் பேர் அளவுக்கு பிரிட்டன், அயர்லாந்து, ஜெர்மனி என்று கிளம்பினார்கள். 2020இல்கூட மின்சாரத்தில் சுமார் 70 சதவீதம் நிலக்கரி. குளிர்கால நச்சுக் காற்றை தென் நகரங்கள் சுவாசிக்கின்றன. குழந்தைப் பிறப்பு விகிதமும் சரிந்துகொண்டேதான் இருக்கிறது. 2016இல் குழந்தைக்கு மாதம் 500 ஸ்லோட்டி கொடுக்கத் தொடங்கியது குழந்தை வறுமையைக் குறைத்தது, பிறப்பைத் தூக்கவில்லை.

உக்ரைன் எட்டிப் பிடிக்குமா என்ற கடைசிக் கேள்விக்குக் கணக்கு இருக்கிறது. வாங்கும் திறனில் இரண்டரை மடங்கு இடைவெளி. போலந்தைவிட ஆண்டுதோறும் 3 சதவீதப் புள்ளி வேகமாக வளர்ந்தால் 31 ஆண்டு ஆகும். 2014க்குப் பிறகு எரிவாயு விலை, வங்கித் துப்புரவு, 2016இலிருந்து அரசு வாங்குவதற்கெல்லாம் கட்டாயமான புரோசோரோ என்ற மின்னணுக் கொள்முதல் தளம், உள்ளாட்சி என்று விழச்செய்த பள்ளங்களில் பெரும்பாலானவை அடைபட்டிருக்கின்றன. 2022 ஜூனில் வேட்பாளர் நாடு என்ற தகுதி கிடைத்தது. 2024 ஜூனில் சேர்க்கைப் பேச்சும் தொடங்கியது. போலந்திடம் 1994இல் இருந்த நாட்காட்டி இப்போது உக்ரைனிடமும் இருக்கிறது. இல்லாதது ஆட்கள். 1993இல் 5 கோடியே 20 லட்சம் பேர் வாழ்ந்த நாடு அது. போருக்கு முன்பே பதின்மூன்று லட்சம் உக்ரைனியர் போலந்தில் தங்கியிருந்தார்கள் என்பது போலந்துப் புள்ளியியல் அலுவலகத்தின் மதிப்பீடு. போர் தொடங்கிய பின் தஞ்சம் புகுந்தவர்கள் இன்னும் பத்து லட்சம் அளவில், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்தக் குழந்தைகள் இப்போது போலந்து மொழியில் பள்ளி முடிக்கிறார்கள்.